வயலில் உள்ள மழைமானி சொல்வது சரிதானா?

கேள்வி: மன்னார்குடி அருகே வயலோரம் தானியங்கி வானிலைக் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். செய்தித்தாளில் வரும் எங்கள் ஊர் மழை அளவோடு அது ஒத்துப்போவதே இல்லை. பகல் வெப்பமும் 2, 3 டிகிரி கூடக் காட்டுகிறது. கருவி பழுதா?

பழுது என்று முடிவு கட்டும் முன் நேரத்தைப் பாருங்கள். வானிலை ஆய்வு மையத்தின் மழைக்கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, முடிகிற நாளின் தேதியில்தான் பதிவாகும். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் நள்ளிரவில் கணக்கை முடித்துவிடும். ராத்திரி முழுக்கப் பெய்த ஒரே மழை உங்களிடம் இரண்டு தேதிகளில் கிடக்கும், அவர்களிடம் ஒன்றில்.

நேரத்தைச் சரிசெய்தும் இடித்தால், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மழைமானி வாயின் பரப்பு எத்தனை சதுர செ.மீ.யோ, அத்தனை மி.லி. தண்ணீர் 10 மி.மீ. மழைக்குச் சமம். வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் 314 மி.லி. பாட்டில் மூடியில் ஊசித்துளை போட்டு அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சொட்ட விடுங்கள். மடமடவென்று ஊற்றினால், உள்ளே நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்து மழையை எண்ணும் சின்னக் கிண்ணம் ஈடுகொடுக்காது, குறைத்தே காட்டும். கனமழையிலும் இதே கதைதான். 9.5 முதல் 10.5 வரை வந்தால் நம்பலாம்.

மழை நின்று வானம் வெளுத்த பிறகும் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மழை ஏறுகிறதா? புனலில் இலையோ குருவி எச்சமோ அடைத்திருக்கிறது. மழையே இல்லாத விடியற்காலையில் 0.2 மி.மீ. வந்தால் பனி, விட்டுவிடுங்கள்.

அப்புறம், இடிமழையில் 5 கி.மீ. தள்ளி இரண்டு மடங்கு பெய்வது சகஜம். அதனால் ஒரு நாள் வித்தியாசத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். பக்கத்து நிலையத்தின் மழையையும் உங்களுடையதையும் மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய மாறாமலே இருந்து, ஒரு தேதிக்குப் பின் திடீரென்று மாறினால், அன்றுதான் கருவிக்கு ஏதோ ஆகியிருக்கிறது. என் பார்வையில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

வெப்பநிலையை அரசு நிலையமும் தப்பாகக் காட்டுவதுண்டு. 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி பதிவாகி நாடே பரபரத்தது. அதை ஆராய்ந்த வானிலைத் துறை, சென்சார் 3 டிகிரி கூடக் காட்டியதாகச் சொன்னது. சந்தேகம் எழக் காரணம், டெல்லியின் மற்ற நிலையங்கள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை என்பதே.

உங்கள் கருவியின் இரவு அளவைப் பாருங்கள். இரவிலும் அதே 2, 3 டிகிரி கூடினால் சென்சார் பழுது. இரவில் ஒத்துப்போய் மதியம் மட்டும் கூடினால், வெயில் நேராகப் படுகிறது, அல்லது பக்கத்தில் சிமெண்ட் தளமோ தகரக் கூரையோ இருக்கிறது. காற்று புகும் வெள்ளைக் கூண்டுக்குள், புல் தரைக்கு மேல் நாலடி உயரத்தில் மாற்றி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.