பி3 ஆடினால் குதிரை ஏன் விரட்டப்படுகிறது?

கேள்வி: சதுரங்கப் போட்டிகளில் வெள்ளைக்கு பி3 தொடக்கம் (முதல் நகர்த்தலே பி சிப்பாயை பி3-க்கு) ஆடுகிறேன். எஃப்3-இல் வைக்கும் குதிரையை இ4 சிப்பாய் விரட்டி, ஆட்டமே சிதறிவிடுகிறது. தவறு எங்கே?

பதில்: நகர்த்தும் வரிசையில்தான். 1970, பெல்கிரேட், சோவியத்–உலக அணிப் போட்டி: வெள்ளை ஆடிய டென்மார்க்கின் லார்சனை, கறுப்பு ஆடிய அப்போதைய உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி 17 நகர்த்தலில் சாய்த்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பாருங்கள். 1.பி3 இ5 2.மந்திரி பி2, குதிரை சி6 3.சி4 குதிரை எஃப்6 4.குதிரை எஃப்3? இ4! (? பிழை, ! நல்ல நகர்த்தல்.) அந்தக் குதிரை டி4 போய், சி6-இல் வெட்டுப்பட்டு முடிந்தது. மூன்று நகர்த்தல் வீண். கறுப்புக்கோ டி வரிசையும் சி8 மந்திரியும் திறந்தன. நான்காவதாக இ3 ஆடுங்கள், குதிரை காத்திருக்கட்டும்.

இரண்டாவது பிழை 10.எஃப்4. ஜி3 பலவீனமானது, பி1 குதிரை கடைசிவரை அசையவே இல்லை. கறுப்பின் எச் சிப்பாய் ஓடிவந்து ஜி3-ஐ வெட்டியதும், கறுப்பின் 14-ஆம் நகர்த்தல் யானை எச்1!! யானையையே பலிகொடுத்த அற்புதம் அது. வெள்ளை அதை வெட்ட, சிப்பாய் ஜி2-இல் நின்றது. 16.யானை ஜி1 என்றாலும் ராணி எச்4 செக், பிறகு ராணி எச்1, தப்ப வழியில்லை. பக்கவாட்டுத் தொடக்கத்தில் மையத்தை எதிராளிக்கு விடுகிறோம். அதனால் ராஜாவைக் கோட்டைக்குள் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.