ஹாரன் அடிச்சாலும் எனக்குத்தான்னு சொல்றான்: கஞ்சாவும் மனநோயும், கேள்வி பதில்

பதில் சொல்பவர் தருமபுரியில் மனநலம் பார்க்கும் மருத்துவர்.

பாலக்கோடு, ஒரு தாய்: மகனுக்கு 19 வயசுங்க. ரெண்டு வருசமா கஞ்சா. இப்ப பஸ் ஹாரன் அடிச்சாக்கூட "எனக்குத்தான் சிக்னல் குடுக்குறாங்க"ங்கிறான். செய்வினையா இருக்குமா சார்?

நேரில் பார்க்காம நோய்க்குப் பேர் சொல்ல மாட்டேன்மா. ஆனா இந்த மாதிரி பேச்சை நிறையக் கேட்டிருக்கேன். எதைக் கவனிக்கணும், எதை விட்டுடலாம்னு மூளைக்குள்ள முத்திரை குத்துறது டோபமைன்ங்கிற ரசாயனம். கஞ்சாவால அது எக்கச்சக்கமா சுரந்தா ஹாரன், பக்கத்து வீட்டு இருமல், எதிர் ஜன்னல் வெளிச்சம் எல்லாத்து மேலயும் முத்திரை விழுந்துடும். பையன் பொய் சொல்லலை, அவனுக்கு அப்படித்தான் படுது. வாதாடாதீங்க. "உனக்குப் பயமா இருக்குல்ல, வா, டாக்டரைப் பார்ப்போம்"னு இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. தாயத்து கட்டுறது உங்க இஷ்டம், டாக்டர் குடுக்கிற மாத்திரையை நிறுத்தாத வரைக்கும்.

ஓசூர், கல்லூரி மாணவர்: கஞ்சா எப்படி டோபமைனைக் கூட்டுது?

மூளையே கஞ்சா மாதிரி ஒண்ணைச் சுரக்குது. 1992-ல அதைக் கண்டுபிடிச்சவங்க 'ஆனந்த' என்ற சமஸ்கிருதச் சொல்லை வெச்சு ஆனந்தமைடுன்னு பேர் வெச்சாங்க. அது மூளைச் செல்கள்ல இருக்கிற சிபி1 ஏற்பிங்கிற நாற்காலியில உட்கார்ந்து, வேலை முடிஞ்சதும் சீக்கிரம் கரைஞ்சுடும். கஞ்சாவுல போதை தர்ற பொருளான டிஎச்சி அதே நாற்காலியில மணிக்கணக்கா உட்கார்ந்திருக்கும். டோபமைன் செல்களுக்கு காபான்னு ஒரு பிரேக் உண்டு, அதை இது தளர்த்திடுது. தொப்பூர் கணவாய் இறக்கத்துல பிரேக் பிடிக்காத லாரி பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? ஆனா கதை இவ்வளவு நேர்கோடும் இல்லை. பல வருசம் புகைச்சவங்களை ஸ்கேன் பண்ணினப்ப டோபமைன் உற்பத்தி குறைஞ்சிருந்ததாவும் ஓர் ஆய்வு உண்டு.

அரூர், பெரியவர்: எங்க காலத்து சாமியாருங்க இழுக்காத கஞ்சாவா?

பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் வராதுதாங்கய்யா. ஆனா 1987-ல வெளியான ஸ்வீடன் ஆய்வு, ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருசம் பின்தொடர்ந்துச்சு. 50 தடவைக்கு மேல பிடிச்சவங்களுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) வர்ற வாய்ப்பு, பிடிக்காதவங்களை விட ஆறு மடங்கு. மத்த காரணங்களைக் கழிச்சா குறைஞ்சது, மறையலை. பதின்வயசுல ஆரம்பிச்சவங்க, தினமும் வீரியமான சரக்கு இழுக்குறவங்க, ரத்த உறவுல இந்த நோய் இருக்கிறவங்க: ஆபத்து இவங்களுக்குத்தான் ஜாஸ்தி.

தேன்கனிக்கோட்டை, ஓர் அண்ணன்: தம்பி நிறுத்திட்டா தெளிஞ்சுடுமா?

பலருக்குத் தெளியும், சில நாள்லயோ சில வாரத்துலயோ. அதோட டாக்டரை விட்டுடாதீங்க, கொஞ்ச பேருக்குப் பின்னாடி மனச்சிதைவா மாறுது. ராத்திரியில கட்டுக்கு மீறினா அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.