இரண்டாம் தவணை கேட்டு வழக்குப் போடலாமா?

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது: உங்கள் திருச்சபை டிரஸ்ட் ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் நடத்துகிறது. ஜெர்மனியிலிருந்து நிதி பெறும் ஒரு தொண்டு நிறுவனம் 24 லட்சம் தர ஒப்பந்தம் போட்டு, 2023-ல் 12 லட்சம் கொடுத்தது. மீதியைத் தராமல், இப்போது கொடுத்ததையும் திருப்பிக் கேட்கிறது.

அவர்கள் மரியாதையில்லாமல் பேசியது, மதத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்ற சந்தேகம், பாதியில் நிற்கும் கட்டிடம், எல்லாம் வருத்தம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. உங்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை, அதுதான் விஷயம். இருந்திருந்தாலும் பயனில்லை. 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு, அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டு நன்கொடை வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றவே கூடாது. 2022-ல் சுப்ரீம் கோர்ட்டும் இந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. 'ரூபாயாகத்தானே வந்தது' என்கிறீர்கள். எத்தனை கை மாறினாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், அதற்கு வந்த வட்டியும் சேர்த்து.

சட்டம் தடுத்த ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி எந்த கோர்ட்டும் உத்தரவு போடாது. தோற்பதுகூடப் பெரிதல்ல, வழக்கு மனுவில் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று யோசியுங்கள். '12 லட்சம் பெற்றுக்கொண்டோம்' என்று எழுதாமல் மீதியைக் கேட்க முடியாது. 35-ஆம் பிரிவில், விதியை மீறி வாங்கியவருக்கும் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. என்னிடம் வந்த ஒருவர் கோபத்தில் வக்கீல் நோட்டீஸ் மட்டும்தான் அனுப்பியிருந்தார். எதிர்த்தரப்பு அதை அப்படியே தன் விளக்கக் கடிதத்தோடு இணைத்து, இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் மத்திய உள்துறைக்கு அனுப்பிவிட்டது. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை அதன்பின் இவர் தலையில்.

இன்னொரு குழி, 'ஆலோசனைக் கட்டணம்' என்று பழைய தேதியில் பில் போடுவது. வியாபார நடைமுறையில் செய்த சேவைக்கு வாங்கும் கட்டணம் நன்கொடை ஆகாது என்பது உண்மைதான். ஆனால் முதியோர் இல்லம் அவர்களுக்கு என்ன சேவையை விற்றது? அப்புறம், நீங்கள் அனுப்பிய ரசீது நகலில் உங்கள் பொருளாளரே 'ஜெர்மனி திட்டம், முதல் தவணை' என்று நீல மையில் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் பில் போட்டால், தவறாக இருந்தது மோசடியாகிவிடும்.

சமாதானமாகப் போங்கள். செலவழியாத 5 லட்சத்தை, அவர்களுடைய ஆடிட்டர் சொல்லும் வழியில், வங்கி மூலமாகவே திருப்பிக் கொடுங்கள். செலவான 7 லட்சத்துக்குப் பில்களின் நகலைக் கொடுத்து, இனி ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்பதில்லை என்று எழுதி வாங்குங்கள். 'புகார் கொடுக்க மாட்டோம்' என்ற வரி மட்டும் வேண்டாம், செல்லாது. சட்டத்தை மீறியதற்கு, 41-ஆம் பிரிவில் அரசுக்குப் பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ளும் வழி இருக்கிறது, அதுவும் குற்ற வழக்கு தொடங்கும் முன்பு மட்டும்தான். கட்டிடத்துக்கு நிதி வேண்டுமென்றால் ஜெர்மன்காரர்களிடம் நேரடியாக உறுதிக் கடிதம் வாங்கி, உள்துறையிடம் முன் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். மத அமைப்பு என்பது அதற்குத் தடையில்லை.

அந்த ரசீதுப் புத்தகத்தைக் கிழிக்க வேண்டாம் என்று பொருளாளரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.