சிச்சுவான் பற்றிக் கேளுங்கள்

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவில் ஒன்பது ஆண்டுகள் இயந்திர உதிரிபாக வேலை பார்த்தவன் நான். பாதி நேரம் தொழிற்சாலை, மீதி நேரம் டீக்கடை. சிச்சுவான் மாகாணம் பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு பூகோள ஆசிரியை: சிச்சுவான் என்றால் 'நான்கு ஆறுகள்' என்று பாடத்தில் சொல்லித் தருகிறோம். சரிதானா? அளவில் எவ்வளவு பெரிது?

எழுத்துக்கு எழுத்து பொருள் சொன்னால் சரிதான், டீச்சர். ஆனால் பெயர் வந்த வழி வேறு. சோங் அரச காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தப் பகுதியை நான்கு நிர்வாகப் பிரிவுகளாக வகுத்தார்கள். 'ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் கொண்ட நான்கு பிரிவுகள்' என்ற நீளமான பெயர் சுருங்கித்தான் சிச்சுவான் ஆனது. எந்த நான்கு ஆறு என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள்.

பரப்பு சுமார் 4.86 லட்சம் சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 8.37 கோடி. 1997இல் சோங்சிங் பெருநகரத்தைத் தனியாகப் பிரிக்கும் வரை சீனாவிலேயே மக்கள்தொகை அதிகமான மாகாணம் இதுதான்.

வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ள ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பாதி கிண்ணம்: செம்மண், நெல், நெருக்கமான ஊர்கள். மேற்குப் பாதி திபெத்தியப் பீடபூமியின் ஓரம். செங்டு கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 250 கிலோமீட்டருக்குள் கோங்கா சிகரம், 7,500 மீட்டருக்கு மேல். கிண்ணத்துக்குள் ஈரமும் மேகமும் அடைந்தே கிடக்கும். சூரியன் எப்போதாவது எட்டிப் பார்த்தால் நாய்கள் அதைப் பார்த்துக் குரைக்கும் என்று பழமொழியே உண்டு. வானம் தெளிந்த காலையில் எங்கள் அடுக்குமாடிக்காரர்கள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். மேற்கே பனிமலை தெரிந்தால் அன்று முழுக்க அதே பேச்சு.

திருச்சி, ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர்: துஜியாங்யானில் அணையே இல்லாமல் 2,200 ஆண்டுகளாகப் பாசனம் நடக்கிறது என்கிறார்களே, எப்படி?

நல்ல கேள்வி சார், இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். கி.மு. 256 வாக்கில், சின் அரசு அனுப்பிய ஆளுநர் லி பிங் தொடங்கிய வேலை இது. துஜியாங்யான், மின் ஆறு மலையிலிருந்து செங்டு சமவெளியில் இறங்கும் இடம். கோடையில் பனி உருகி வெள்ளம் வரும், மற்ற நாளில் வயல் காயும்.

ஆற்றின் நடுவில் மீன் வாய் போலக் கூம்பிய ஒரு கரையை எழுப்பினார்கள். அது ஆற்றை இரண்டாகப் பிளக்கிறது. உள்கிளை ஆழம் அதிகம், அகலம் குறைவு. வெளிக்கிளை ஆழம் குறைவு, அகலம் அதிகம். சூட்சுமம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஆழமான பக்கம் பத்தில் 6 பங்கை இழுத்துக்கொள்ளும். வெள்ளம் வந்தால் அகலமான பக்கம் பத்தில் 6 பங்கை வாங்கிக்கொண்டு போய்விடும். லி பிங் காலத்தில் மதகு இல்லை, திறந்து மூட ஆள் இல்லை.

உள்கிளைத் தண்ணீர் சமவெளிக்குப் போக ஒரு மலை குறுக்கே நின்றது. வெடிமருந்து இல்லாத காலம். பாறையில் தீ மூட்டிச் சூடாக்கி, குளிர்ந்த நீரை ஊற்றி வெடிக்க வைத்து, சுமார் 20 மீட்டர் அகலத்துக்கு வெட்டினார்கள். அந்த வாய்க்கு அளவோடுதான் தண்ணீர் நுழையும். மிச்சம் பக்கத்திலிருக்கும் தாழ்வான வழிந்தோடி வழியாக வெளிக்கிளைக்குத் திரும்பும், கூடவே மணலையும் சரளைக்கல்லையும் அடித்துக்கொண்டு.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது பராமரிப்பு. மூங்கிலைக் கூடையாக முடைந்து, கூழாங்கல் நிரப்பி, அதைத்தான் கரையாக அடுக்கினார்கள். தண்ணீர் குறைந்த காலத்தில் மரத்தால் முக்காலி கட்டி ஆற்றைத் தடுத்து, உள்கிளையைத் தூர்வாரினார்கள். எவ்வளவு ஆழம் தோண்டுவது? படுகைக்கு அடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மண்வெட்டி இரும்பில் இடித்தால் போதும் என்று அர்த்தம். 'படுகையை ஆழத் தோண்டு, வழிந்தோடியைத் தாழக் கட்டு' என்ற விதியை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இன்று மீன் வாய் கான்கிரீட்டில் இருக்கிறது, பாசனப் பரப்பு 6 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. கணக்கு மட்டும் லி பிங் போட்டதுதான்.

மதுரையிலிருந்து மெஸ் நடத்தும் ஒருவர்: அண்ணே, நம்மை விடக் காரம் சாப்பிடுகிறவர்களாமே?

காரத்தில் நாம் தோற்க மாட்டோம். அவர்களிடம் இருப்பது காரத்தோடு ஒரு மரமரப்பு. அதைக் கொடுப்பது ஹுவாஜியாவ். பெயரில் மிளகு என்று வரும், ஆனால் மிளகு வகையே இல்லை, எலுமிச்சைக் குடும்பம். கொங்கண், கோவாப் பக்கம் மீன் குழம்பில் போடும் திர்பல் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே இருக்கும் கறுப்பு விதை மண் மாதிரி நறநறக்கும், அதை எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் எடுப்பார்கள். இரண்டு தோலை நுனிநாக்கில் வையுங்கள். முதலில் எலுமிச்சை வாசம். பத்து விநாடி கழித்து, சின்ன வயதில் 9 வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தோமே, அந்த அதிர்வு. சோதித்துப் பார்த்தவர்கள் உதட்டில் தோன்றும் அந்தத் துடிப்பு விநாடிக்கு 50 தடவை அளவில் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஹுவாஜியாவ் அங்கே ஆதிகாலத்துச் சரக்கு, மிளகாய்தான் வந்தேறி. நம் மிளகாயைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனக் கடற்கரைக்கு வந்தது. முதலில் அழகுச் செடியாகத் தொட்டியில் வைத்தார்கள். சிச்சுவான் சமையலில் அது ஊன்றிக் கொண்டது 18, 19ஆம் நூற்றாண்டுகளில். பாடம் எடுக்கிற தோரணையில் இதை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். என் வீட்டு உரிமையாளர் அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செய்து பார்க்க நினைத்தால், மிளகாயும் மொச்சை போன்ற பெரிய அவரைப் பருப்பும் உப்பும் சேர்த்துப் புளிக்க வைத்த தோபன் விழுதுதான் அடித்தளம். அதை எண்ணெயில் சிவக்க வதக்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சைவமாக இருந்தால் கவனம்: மாப்போ டோஃபு என்று பெயரில் டோஃபு இருந்தாலும் மேலே கொத்துக்கறி தூவியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: சிச்சுவான் மக்கள் ஆதியில் யார்? ஹான் சீனர்தானா?

இன்று பெரும்பாலோர் ஹான். ஆனால் "உங்கள் பூர்வீகம் எது?" என்று பத்துப் பேரிடம் கேட்டால் ஏழெட்டுப் பேர் ஹூபெய், ஹுனான், குவாங்டாங் என்று வேறு மாகாணத்தைச் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கிண்ணம் ஏறக்குறையக் காலியானது. மிங் அரசு சரிந்த நேரத்தில், 1644இல், சாங் சியன்சோங் என்ற கிளர்ச்சித் தலைவர் செங்டுவைப் பிடித்துத் தனி ராஜ்ஜியம் அறிவித்தார். அவர் செய்த கொலைகள் ஒரு பக்கம். வடகிழக்கிலிருந்து வந்து சீனாவைப் பிடித்த மஞ்சு படையோடு நடந்த நீண்ட போர், பஞ்சம், கொள்ளைநோய் மறு பக்கம். ஆளில்லாத ஊர்களில் புலி நடமாடியதாகக் குறிப்புகள் இருக்கின்றன. பழியை முழுக்க அந்த ஒருவர் தலையில் கட்டுவது வென்ற மஞ்சு அரசுக்கு வசதியாக இருந்தது என்பது என் எண்ணம்.

அப்புறம் அந்த மஞ்சுக்களின் சிங் அரசு நிலம் கொடுத்து, வரியைத் தள்ளி வைத்து, வெளி மாகாணத்தவரைக் குடியேற்றியது. நூறு ஆண்டுக்கு மேல் நடந்த குடியேற்றம் அது. செம்படைத் தளபதி சூ தேவின் முன்னோர்கூட அப்படிக் குவாங்டாங்கிலிருந்து வந்த ஹக்கா மக்கள்தான்.

இதற்கு ஒரு கிராமத்துக் கதை உண்டு. குடியேறிகளைக் கையைப் பின்னால் கட்டி வரிசையாக ஓட்டி வந்தார்களாம். வழியில் ஒதுங்க வேண்டுமென்றால் "கையை அவிழ்த்து விடுங்க ஐயா" என்று கெஞ்ச வேண்டும். அதனால்தான் இன்றும் கழிப்பறைக்குப் போவதை 'கை அவிழ்ப்பது' என்கிறோம், கிழவர்கள் கையைப் பின்னால் கட்டி நடப்பதும் அந்தப் பழக்கம்தான் என்பார்கள். இதே கதையை வட சீனாவில் வேறொரு குடியேற்றத்துக்கும் சொல்கிறார்கள், அதனால் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீக்கடையில் கேட்க நன்றாக இருக்கும்.

கோவை, கல்லூரி மாணவர்: சான்சிங்துய் முகமூடிகள் வேற்றுகிரகவாசிகள் செய்ததா?

இல்லை தம்பி. சான்சிங்துய் செங்டுவுக்கு வடக்கே இருக்கும் தொல்லியல் இடம். 1929இல் அங்கே ஒரு விவசாயி வாய்க்கால் தோண்டும்போது பச்சைக்கல் பொருட்கள் கிடைத்தன. 1986இல் இரண்டு குழிகள், 2019க்குப் பிறகு இன்னும் ஆறு. 3,000 ஆண்டுக்கு முந்தைய வெண்கலம்: 2.62 மீட்டர் உயரச் சிலை, 4 மீட்டரை ஒட்டிய மரம், கண் பிதுங்கிய முகங்கள். மஞ்சள் ஆற்றுக் கரையில்தான் சீன நாகரிகம் என்று படித்தவர்களுக்கு இது அதிர்ச்சி, அதனால் கிளம்பிய கதை அது.

சென்னையிலிருந்து: அவ்வளவு விளையும் பூமியில் 1959–61 பஞ்சத்தில் அத்தனை பேர் இறந்தது எப்படி?

விளைந்த பூமி என்பதாலேயேதான். அதிகாரிகள் மேலிடத்தைக் குளிர்விக்க விளைச்சலைப் பல மடங்கு கூட்டி எழுதினார்கள். எழுதிய கணக்குப்படி அரசு நெல்லைக் கொள்முதல் செய்தது. அதை வெளி மாகாணங்களுக்கு ரயிலேற்றினார்கள். வீட்டு அடுப்பை மூடிப் பொதுச் சமையற்கூடம் வைத்ததால் ஒளித்து வைத்த ஒரு படி அரிசியும் யாரிடமும் இல்லை. சிச்சுவானில் மட்டும் இறந்தவர்கள் 90 லட்சத்திலிருந்து 1 கோடிக்கு மேல் வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். சீனாவில் வேறெந்த மாகாணத்திலும் இந்த அளவுக்கு உயிர் போகவில்லை.

எங்கள் தொழிற்சாலைக் காவலாளி தாத்தா தட்டில் ஒரு பருக்கை விடமாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவர் வயதைக் கணக்குப் போட்டால் போதும்.

புதுச்சேரியிலிருந்து: 2008 நிலநடுக்கம் பற்றி?

அப்போது நான் அங்கே இல்லை, கேட்டதும் பிறகு பார்த்ததும்தான். மே 12, பிற்பகல் 2:28. கிண்ணத்தின் மேற்கு விளிம்பான லுங்மென் மலைத்தொடரில், அளவு 7.9. சுமார் 69,000 பேர் இறந்தார்கள், 18,000 பேரைக் காணவில்லை. பள்ளி நடந்துகொண்டிருந்த நேரம். அரசுக் கணக்குப்படியே 5,335 மாணவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பக்கத்துக் கட்டடம் நிற்க, பள்ளிக்கூடம் மட்டும் ஏன் சரிந்தது என்று கேட்ட பெற்றோருக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. பெய்சுவான் பழைய ஊரை இடிந்தபடியே நினைவிடமாக விட்டிருக்கிறார்கள். துஜியாங்யான் மீன் வாயிலும் விரிசல் விட்டது, ஆனால் பாசனம் நிற்கவில்லை.

பெங்களூரிலிருந்து: மேற்குப் பகுதியில் திபெத்தியர் வாழ்கிறார்களா?

ஆமாம். கார்சே, அபா இரண்டும் திபெத்தியப் பகுதிகள். அபாவில் சியாங் மக்களும் உண்டு. கார்சே மட்டுமே தமிழ்நாட்டை விடப் பெரிது, ஆனால் ஆட்கள் சுமார் 11 லட்சம்தான். லிதாங் ஊர் 4,000 மீட்டர் உயரத்தில், போய் இறங்கியதும் எனக்குத் தலை வலி பிளந்தது. தெற்கே லியாங்ஷானில் யீ மக்கள், சொந்த எழுத்தும் தீப்பந்தத் திருவிழாவும் உள்ளவர்கள். இந்த மேற்குப் பாதியின் பெரும்பகுதி 1955 வரை சிகாங் என்ற தனி மாகாணமாக இருந்தது. அபாவில் 2009இலிருந்து துறவிகள் தீக்குளித்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதைப் பற்றி அங்கே பொது இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒரு அப்பா: மகனை அங்கே மருத்துவம் படிக்க அனுப்பலாமா?

செங்டு, லுசோ, நான்சோங் ஊர்களில் நம் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். முதலில் 2021 நவம்பரில் வந்த இந்திய விதியைப் பாருங்கள்: ஆங்கிலவழியில் 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கத் தகுதி. மூன்றையும் கல்லூரி எழுத்தில் உறுதி செய்யாவிட்டால் முகவர் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று, வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் நோயாளி பேசுவது சிச்சுவான் பேச்சு. பாடப்புத்தகச் சீனத்தில் 'ஹாய்ஸ' என்றால் குழந்தை, அங்கே அது செருப்பு. பேருந்தில் ஒரு அம்மா "என் ஹாய்ஸ விழுந்துடுச்சு, நிறுத்துங்க!" என்று கத்த, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் பதறி எழுந்த கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு அக்கா: அங்கே ஆண்கள் மனைவிக்கு அடங்கியவர்களாமே?

'மெத்தென்ற காது' என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்வார்கள் அக்கா, மனைவி இழுத்த பக்கம் வளையும் காது. மனைவியை உட்கார வைக்கப் பக்கவாட்டில் இருக்கை பொருத்திய சைக்கிளுக்கும் அதே பெயர். சமையல் பெரும்பாலும் கணவன்தான்.

ஆனால் டீக்கடையில் அதே கணவன் ராஜா. மூடி, கிண்ணம், தட்டு என்று மூன்று உருப்படியாகத் தேநீர் வரும். மூடியைத் தட்டின் மேல் சாய்த்து வைத்தால் பரிமாறுபவர் கேட்காமலே வெந்நீர் ஊற்றுவார். மூடியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனால் 'திரும்பி வருவேன், எடுக்காதே' என்று பொருள். எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் காலையில் மூடியை நாற்காலியில் வைத்துவிட்டு வேலைக்கு வருவார். சாயங்காலம் போனால் அதே நாற்காலி, அதே கிண்ணம்.