கைதவறியதா, வேண்டுமென்றே செய்ததா? ஆங்கிலச் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: பை மிஸ்டேக், பை ஆக்ஸிடென்ட் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. தமிழில் இரண்டுக்கும் 'தவறுதலாக' என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நண்பருக்கு என்று நினைத்து மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பிவிட்டீர்கள் என்று வையுங்கள்: பொத்தானை அழுத்தியது நீங்கள் விரும்பித்தான், ஆள்தான் மாறிப்போனார், அது பை மிஸ்டேக். பாதி எழுதி வைத்திருந்த செய்தி, போனைப் பைக்குள் வைக்கும்போது விரல் பட்டுப் போய்விட்டது என்றால் பை ஆக்ஸிடென்ட். தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1956இல் இதற்குக் கழுதைகளை உதாரணம் காட்டினார். என் கழுதை என்று நினைத்து உங்கள் கழுதையைச் சுட்டால் மிஸ்டேக்; என் கழுதையைத்தான் குறிபார்த்தேன், சுடும் நேரத்தில் அவை நகர்ந்து உங்கள் கழுதை விழுந்தது என்றால் ஆக்ஸிடென்ட். பேச்சில் இரண்டும் கலந்துதான் வரும், ஆனால் மன்னிப்புக் கேட்டு எழுதும்போது எதைப் போடுகிறோம் என்று பார்த்துப் போட வேண்டும்.

கேள்வி: 'ஐ புரோக் மை லெக்' என்றால் நானே காலை உடைத்துக்கொண்டேன் என்று ஆகாதா?

பதில்: ஆகாது. கால் முறிந்தது, அவ்வளவுதான். டிராப்பும் அப்படித்தான், கோப்பை கைநழுவினாலும் டிராப், விமானத்திலிருந்து குண்டு போட்டாலும் டிராப். ஸ்பில் என்றால் பெரும்பாலும் தெரியாமல் சிந்தியது, வேண்டுமென்று ஊற்றினால் போர் (pour). தயவுசெய்து வாக்கியத்தோடு வாருங்கள், சொல்லை மட்டும் பிய்த்து எடுத்துவந்து பொருள் கேட்காதீர்கள்.

கேள்வி: 'ஆன் ஆக்ஸிடென்ட்' சரியா?

பதில்: வேண்டுமென்றே என்று பொருள்படும் 'ஆன் பர்பஸ்' சாயலில் வந்தது, அமெரிக்க இளையவர்கள் பேச்சில் சகஜம். எழுத்தில் பை ஆக்ஸிடென்ட் போடுங்கள்.

மறுப்பு: அது அப்பட்டமான பிழை. இப்படி இடம் கொடுத்தால் மொழி என்ன ஆகும்?

பதில்: எந்த விதியை வைத்துப் பிழை என்கிறீர்கள்? பர்பஸுக்கு முன்னால் ஆன் வருவதும் வழக்கத்தால்தான், தர்க்கத்தால் அல்ல. ஆன் ஆக்ஸிடென்ட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அதையே பேசும். தேர்வில், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பேசுகிறவரை நிறுத்தித் திருத்தப் போக வேண்டாம் என்றும் சொல்கிறேன்.

மறுப்பு: அப்படியானால் 'பை பர்பஸ்' என்றும் எழுதலாமே?

பதில்: கூடாது. அது எங்கும் வழக்கில் ஊன்றவில்லை. நான் பார்ப்பது வழக்கை, இஷ்டத்தை அல்ல.

கேள்வி: மிஸ்டேக்குக்கும் ஆக்ஸிடென்ட்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: முதல் பதில். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: மேன்ஸ்லாட்டர் என்றால் விபத்தாக நடந்த கொலையா?

பதில்: அப்படி மனப்பாடம் செய்யாதீர்கள். அது சட்டத்தில் மர்டரைவிடக் குறைந்ததாகக் கருதப்படும் குற்றப் பிரிவு. வேண்டுமென்றே கொன்றதும், நிதானம் இழந்த சில சூழல்களில், அந்தப் பிரிவில் வரலாம். மேற்கொண்டு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: பை மிஸ்டேக் என்று எழுதுவதா, பை ஆக்ஸிடென்ட் என்றா?

பதில்: மேலே பாருங்கள். சொல்லை மட்டும் கொண்டுவராதீர்கள் என்றும் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: ஓவர்ஹியர், ஈவ்ஸ்ட்ராப்?

பதில்: தானாகக் காதில் விழுந்தால் ஓவர்ஹியர், ஒட்டுக்கேட்டால் ஈவ்ஸ்ட்ராப். இரண்டாவதை ஒருவரைப் பற்றி எழுதினால் அது குற்றச்சாட்டு, தெரிந்து எழுதுங்கள்.