சிறுவயதுக் காயமும் குறைந்த மதிப்பெண்ணும்

வணக்கம். முதுகலை ஆய்வுக்கு, உணர்வுகளைக் கையாள்வதில் ஒருவருக்குள்ள சிக்கலை அளக்கும் டெர்ஸ் (DERS) வினாநிரலைக் கொடுத்ததில், சிறுவயதில் கடும் வன்முறைக்கு ஆளான சிலருக்கு 'உணர்வுச் சிக்கல் குறைவு' என்றே மதிப்பெண் வந்திருக்கிறது, அவர்களை நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். உங்கள் ஆய்வின் உயிரே அவர்களிடம் இருக்கலாம்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள். 36 வினாக்களில் 11 வினாக்களுக்குத் தலைகீழாக மதிப்பெண் இட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். அது சரியென்றால், மொத்தத்தை விட்டுவிட்டு ஆறு உட்பிரிவுகளையும் தனித்தனியே பாருங்கள். அழுதால் இன்னொரு அடி விழும் என்று கற்றுக்கொண்ட குழந்தை, உணர்வையே மூடி வைக்கப் பழகிவிடுகிறது. வளர்ந்த பிறகு, 'கட்டுப்பாட்டை இழப்பீர்களா?' என்று கேட்டால் 'அரிதாக' என்று நேர்மையாகவே பதில் சொல்லும். அது மரத்துப்போன நிலை. அமைதி என்று கொள்ள முடியாது. உணர்வைக் கவனித்தல், தெளிவு ஆகிய இரு பிரிவுகளில் மட்டும் சிக்கல் உயர்ந்திருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

உளவியலாளர்கள் கிராஸ், ஜான் இருவரும் 2003இல் வெளியிட்ட, உணர்வுகளை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்று அளக்கும் 10 வினாக்கள் கொண்ட அளவுகோலையும் (ERQ) சேருங்கள். அதில் 4 வினாக்கள் உணர்வை வெளிக்காட்டாமல் அடக்குவதை நேரடியாக அளக்கின்றன.

இனி சந்திப்பவர்களிடம் சிறுவயது பற்றிய வினாக்களைக் கடைசியில் வையுங்கள். பதிலளித்தவரை உடனே அனுப்பிவிடாமல் சற்று நேரம் உடனிருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.