நைட் ஷிஃப்ட் 'செட்' ஆகவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?

கேள்வி: நைட் ஷிஃப்ட் எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்ல, 'நைட் ஷிஃப்ட் இஸ் நாட் செட் ஃபார் மீ' என்று மேலாளருக்கு மெயில் போட்டேன். 'உங்கள் ஷிஃப்ட் இன்னும் முடிவாகவில்லையா?' என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அகராதியைத் திறந்தால் செட்டுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள். எல்லாவற்றையும் எப்படிப் படிப்பது?

பதில்: மேலாளர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். நேரமோ தேதியோ 'இஸ் செட்' என்றால் அது முடிவாகிவிட்டது என்று பொருள். நாம் பேச்சில் சொல்கிற 'செட் ஆகல' இருக்கிறதே, அது ஆங்கிலச் சட்டை போட்ட தமிழ். அதற்கு 'டஸ்ன்ட் சூட் மீ' என்று எழுதுங்கள். 'அவன் என் செட்' என்பதும் இந்த வகைதான், அங்கே 'பேட்ச்மேட்' என்று எழுதினால் குழப்பமில்லை. அப்புறம் 'செட்டப்'. நமக்கு அது நாடகம், ஏமாற்று. ஆங்கிலத்திலும் ஆளைச் சிக்கவைப்பதற்கு அந்தச் சொல் உண்டு என்றாலும், உங்கள் மேசையைப் பார்த்து ஒருவர் 'நைஸ் செட்-அப்' என்றால் ஏற்பாட்டைப் பாராட்டுகிறார், கோபப்படாதீர்கள்.

அகராதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். யாருக்கு முடியும்? வேரைப் பிடித்தால் போதும். 'சிட்' என்றால் உட்கார். ஒன்றை உட்கார வைப்பதுதான் 'செட்'. தமிழில் 'இரு' என்பது 'இருத்து' ஆகிறதே, அதே தன்வினை பிறவினைக் கதைதான். அலாரம் செட் செய்வது முள்ளை ஓரிடத்தில் இருத்துவது, விலகிய எலும்பை செட் செய்வதும் அப்படியே. இருத்தியது அசையாமல் இறுகிவிட்டால் அதற்கும் இதே சொல்: சிமென்ட் செட் ஆகிறது, தயிர் செட் ஆகிறது (இங்கே தமிழ்ப் பேச்சும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன). சூரியனை இருத்த ஆளில்லை, தானே போய் அமர்கிறது, அதுவும் செட்தான்.

பாத்திர செட், கணக்கில் வரும் கணம், செட் தோசை இவற்றில் உள்ள பெயர்ச்சொல்லின் வழி வேறு. அது லத்தீன் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, 'கூட்டம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளை உண்மையில் கவிழ்ப்பது பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்கள்தான். 'செட் அவுட்', 'செட் ஆஃப்' இரண்டும் கிளம்புவது. ஆனால் வெடியை செட் ஆஃப் செய்தால் வெடிக்கும். 'மான்சூன் ஹேஸ் செட் இன்' என்று பேப்பரில் வந்தால் பருவமழை தொடங்கிவிட்டது, நாலு நாளைக்கு நிற்காது. 'செட் அசைட்' இன்னும் மோசம்: பணத்தை செட் அசைட் செய்தால் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறீர்கள், தீர்ப்பை மேல்கோர்ட் செட் அசைட் செய்தால் அது ரத்து. ஆகவே இவற்றைத் தனித்தனியாக இல்லாமல், கூட வரும் பொருளோடு ஒரு வாக்கியமாக எழுதிவைத்துப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று: இறந்தகாலமும் 'செட்'தான். 'செட்டட்' என்று அடுத்த மெயிலில் எழுதிவிடாதீர்கள்.